மொரிஷியஸில் மார்கழி வெயிலும் ஒரு குடிலும்

டிசம்பர் 20, சனி

விமானப் பயணத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இறங்கி வெளியே வந்ததும் சூடும் ஈரமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. நாட்காட்டி டிசம்பர் என்கிறது, உடம்பு மே என்கிறது. மொரிஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருபது டிகிரியில் இருக்கிறது. இங்கே இப்போது நடுக்கோடை, கூடவே புயல் காலம்.

இதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றும் சொல்லலாம். கிறிஸ்துமஸ் அடையாளங்களில் பாதி பனிக்காலத்தை நம்பி நிற்பவை. டிசம்பரில் வேர்த்துக் கொட்டுகிற ஊரில் அவை என்ன ஆகின்றன என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாளாக ஆசை. தூத்துக்குடிக்காரனுக்கு இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். எங்கள் ஊர் மாதாவே பனிமய மாதா. ரோமில் ஓர் ஆகஸ்ட் மாதம் பனி பெய்து, கோவில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொடுத்தது என்ற ஐதீகத்திலிருந்து வந்த பெயர். உப்பளத்தைத் தவிர வெள்ளையாக எதுவும் தரையில் குவிந்து பார்த்திராத நாங்கள், ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொளுத்தும் வெயிலில் அவளுக்குத் திருவிழா எடுக்கிறோம். ரோமில் இருக்கும் அந்தப் பனிக் கோவில்தான் சாந்தா மரியா மஜோரே. இயேசு பாலனைக் கிடத்திய முன்னணையின், அதாவது தீவனத் தொட்டியின், மரத்துண்டுகள் என்று போற்றப்படுபவையும் அதே கோவிலில்தான் இருக்கின்றன.

விமான நிலையத்திலிருந்து ரோஸ் ஹில் வரை கரும்புத் தோட்டங்கள். இடையிடையே இலையே தெரியாமல் சிவந்து நிற்கும் மரங்கள். எங்கள் ஊரில் மே மாதப் பள்ளி விடுமுறையில் பூக்குமே, அதே மரம். இங்கே ஃபிளாம்பொயான் என்கிறார்கள், டிசம்பரில் பூக்கிறது. "இந்தத் தீவுக்கு இதுதான் கிறிஸ்துமஸ் மரம், தம்பி" என்றார் என்னை அழைத்துப்போக வந்திருந்த ஆசிரியர். கேரளத்துக் கிறிஸ்தவர்களிடம் இந்த மரத்துக்கு வேறொரு கதை உண்டு. சிலுவைக்குப் பக்கத்தில் நின்ற மரம் இது, கிறிஸ்துவின் இரத்தம் தெறித்துப் பூ சிவந்தது என்பார்கள். மரத்தின் பூர்வீகம் மடகாஸ்கர், எருசலேமில் அன்று அது நின்றிருக்க வழியே இல்லை. ஆனால் கேரளத்தில் அது தவக்காலத்தையும் ஈஸ்டரையும் ஒட்டிப் பூப்பதால் பெரிய வெள்ளிக் கதை அதன்மேல் ஏறிக்கொண்டது. இங்கே டிசம்பரில் பூப்பதால் கிறிஸ்துமஸுக்குச் சொந்தமாகிவிட்டது. எந்த மாதம் பூக்கிறதோ அந்த மாதத்துத் திருநாள் மரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

ஆசிரியர் அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூருக்குப் பயிற்சிக்கு வந்தபோது பழக்கம். பாடப் புத்தகம் போலச் சுத்தமான தமிழ் பேசுவார். அவர் சைவர். அவருடைய மனைவி கத்தோலிக்கர். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் புதுச்சேரிப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்ட கைவினைஞர்களில் பலர் அன்றே ஞானஸ்நானம் பெற்றவர்கள், அந்த வழியில் வந்தவர் அம்மா. வீட்டுப் பேச்சு கிரியோல். என்னிடம் மட்டும் தெரிந்த தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார். கூடத்தின் ஒரு மூலையில் பூசை அலமாரி, எதிர் மூலையில் பிளாஸ்டிக் ஊசியிலை மரம். கிளைகளில் வெள்ளைப் பூச்சு, அதாவது பனி. மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது.

டிசம்பர் 21, ஞாயிறு

விடிவதற்கு முன்பே ஆசிரியர் எழுப்பிவிட்டார். மார்கழி அல்லவா. கோர் த கார்ட் மலைச் சரிவில் இருக்கும் முருகன் கோவிலுக்குப் போனோம். நம் ஊர் மார்கழி என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒலிபெருக்கிப் பாட்டைச் சபிக்கிற குளிர். இங்கே படியேறும்போதே சட்டை நனைந்துவிட்டது.

அப்புறம் அம்மாவோடு பூசைக்கு. கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் வாரங்களான திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு, பீடத்துக்குப் பக்கத்தில் இலை வளையத்தில் நான்காவது மெழுகுவர்த்தியையும் ஏற்றினார்கள். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. இந்த வளையம் ஆதி திருச்சபைக் காலத்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அதற்கு இருநூறு வயதுகூட ஆகவில்லை. 1839-இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விக்கெர்ன் என்ற லூத்தரன் போதகர், "கிறிஸ்துமஸ் எப்போ, எப்போ" என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாட்களுக்குச் சின்னச் சிவப்பு. முடிவில்லாத வட்டம் கடவுளின் நித்தியம், வாடாத இலை அழியா வாழ்வு என்ற விளக்கங்களைப் பூசையிலும் கேட்டேன். வடக்கு ஜெர்மனியில் டிசம்பரில் பிற்பகலிலேயே இருட்டிவிடும். அங்கே வாரத்துக்கு ஒரு சுடர் கூடுவது நெஞ்சில் பதியும். இங்கே காலைப் பூசையில் கதவெல்லாம் திறந்திருக்க, வந்து விழுந்த வெயிலில் நான்கு சுடரும் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டி வீட்டு முற்றத்தில் நின்று பார்த்தேன். நிழல் காலடியில் ஒடுங்கிக் கிடந்தது. இன்றைக்கு இங்கே ஆண்டின் மிக நீண்ட பகல், சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேரே.

இதில்தான் விஷயம் இருக்கிறது. டிசம்பர் 25 ஏன் என்பதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். 274-இல் பேரரசர் அவுரேலியன் சிறப்பித்த வெல்லமுடியாச் சூரியனின் திருநாளைக் கிறிஸ்தவர்கள் தமதாக்கிக்கொண்டார்கள் என்பது ஒன்று. இயேசு மார்ச் 25-இல் கருவானார், அதிலிருந்து ஒன்பது மாதம் கணக்கிட்டார்கள் என்பது மற்றொன்று. ரோமில் 336-ஆம் ஆண்டுக்கு இந்தத் தேதி இருந்ததற்குச் சான்று உண்டு. எந்த விளக்கமானாலும், பகல் குறைந்து குறைந்து வந்து மறுபடி வளரத் தொடங்கும் நேரம் அது. புனித அகுஸ்தினார் இதைப் பிடித்துக்கொண்டு பிரசங்கமே செய்தார். கிறிஸ்து பெருகவும் தான் சிறுகவும் வேண்டும் என்று சொன்ன திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24-இல் திருநாள், அதிலிருந்து பகல் சிறுக்கிறது. கிறிஸ்து பிறந்த நாளிலிருந்து பகல் பெருகுகிறது. கச்சிதமான பொருத்தம், வடக்கில் மட்டும். மொரிஷியஸில் யோவான் வளர்கிறார், இயேசு பிறந்ததும் பகல் தேயத் தொடங்குகிறது!

சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "எங்களுக்கும் அதே கதைதான். தை பிறந்தால் உத்தராயணம், தேவர்களுக்குப் பகல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, 'ஐயா, தையிலிருந்து இங்கே பகல் குறைகிறதே' என்றான்" என்றார். என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்."

டிசம்பர் 22, திங்கள்

மெட்ரோவில் போர்ட் லூயிஸ். கிறிஸ்துமஸுக்கு முன்பே போனஸ் கைக்கு வந்துவிடுவதால் கடைத்தெருவில் நடக்க இடமில்லை. நடைபாதை எங்கும் லிச்சிப் பழக் கொத்துகள், சிவப்புச் சிவப்பாக. சந்தையில் அலூடா குடித்தேன், நம் ஜிகர்தண்டாவுக்கு உறவு.

ஒரு கடை வாசலில் பாயின்செட்டியாத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. மெக்சிகோச் செடி. அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜோயல் பாயின்செட் 1820-களில் தன் நாட்டுக்கு அனுப்பிவைத்ததால் இந்தப் பெயர். ஏழைப் பெண் ஒருத்தி பாலனுக்குக் காணிக்கையாகக் களைச்செடியைக் கொண்டுபோனாள், அது சிவந்து மலர்ந்தது என்பது மெக்சிகோக் கதை. நட்சத்திர வடிவம் பெத்லகேம் விண்மீன், சிவப்பு கிறிஸ்துவின் இரத்தம். இதில் சிவப்பாக இருப்பது பூவே அல்ல, இலை. அது சிவக்க நீண்ட இரவுகள் வேண்டும். ஆசிரியர் வீட்டு வேலியோரம் ஆள் உயரத்துக்கு நிற்கும் பாயின்செட்டியாவில் இப்போது பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. அது ஜூன், ஜூலையில் சிவக்கும். கடைத் தொட்டிச் செடியை இப்போது சிவக்கவைக்க வேண்டுமென்றால் வாரக்கணக்கில் மூடிவைத்து இருட்டுக் காட்ட வேண்டும். பெத்லகேம் விண்மீனுக்குச் செயற்கை இரவு!

பக்கத்தில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட வளைந்த மிட்டாய்க் குச்சி. இதைத் தலைகீழாகப் பிடித்தால் இயேசுவின் பெயரின் முதல் ஆங்கில எழுத்து, சிவப்பு அவர் இரத்தம், வெள்ளை தூய்மை என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வருகிறது. மிட்டாய்க்காரர் ஒருவர் திட்டமிட்டே அப்படிச் செய்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கோடில்லாத வெள்ளைக் குச்சிகள்தான் முதலில் இருந்தன. ஆயனின் கோல் என்று சொன்னால் ஏற்கலாம், மற்றதெல்லாம் பின்னால் ஒட்டவைத்தது. வெயிலில் அந்த ஆயனின் கோல் கையில் பிசுபிசுத்தது.

மாலையில் சாந்த் குருவாவில் பெர் லவால் கல்லறை. ழாக் தெசிரே லவால் பிரான்ஸில் மருத்துவராக இருந்து குருவானவர். 1841-இல் இங்கே வந்தார். அடிமை முறை ஒழிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம், விடுதலை பெற்றவர்களோடே வாழ்ந்து 1864-இல் இறந்தார். 1979-இல் முத்திப்பேறு பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி. சேலையும் குங்குமமுமாகப் பெண்கள் வரிசையில் நின்று கல்லறைமேல் இருக்கும் சுரூபத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அதே வட்டாரத்தில் மீனாட்சி அம்மன் கோவிலின் கோபுரம். அங்கேயும் போய்விட்டுத்தான் திரும்பினோம்.

டிசம்பர் 23, செவ்வாய்

நாள் முழுக்க மழை. வெளியே போக முடியாததும் நல்லதுக்குத்தான், இன்றைக்குக் குடில் கட்டினோம்.

அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கினார். பாறை நிறத்தில் தடித்த தாள், கசக்கி விரித்தால் குகை. அதற்கு மேல் வைக்கோலுக்குக் கடைச் சரக்கு வேண்டாம் என்று பேரன் மழையிலேயே ஓடிப்போய்க் காய்ந்த கரும்புத் தோகை கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் மூன்று வாரம் முன்பே தட்டில் கேழ்வரகு விதைத்து, முளைத்த பச்சையைக் குடிலுக்கு முன்னால் வயலாக வைப்போம் என்றேன். ஆசிரியர், "முளைப்பாரி!" என்றார் உடனே. தெற்குப் பிரான்ஸில் புரோவான்ஸ் பகுதியிலும் புனித பார்பரா திருநாளான டிசம்பர் 4-இல் கோதுமையைத் தட்டில் முளைக்கப் போடுவார்கள். பயிர் நன்றாக வந்தால் வரும் ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்குமென்று நம்பிக்கை, நம் முளைப்பாரிக்கும் அதே நம்பிக்கைதான்.

குடிலைத் தொடங்கிவைத்தவர் அசிசி பிரான்சிஸ். 1223-இல் இத்தாலியில் கிரெச்சோ என்ற மலைக் கிராமத்தில் ஒரு குகை, வைக்கோல், உயிருள்ள மாடு, உயிருள்ள கழுதை. அந்த முன்னணையின் மேலேயே பூசை நடந்தது. ஆடம்பரம் இல்லாமல், அந்தப் பிள்ளை பட்ட இல்லாமையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மாட்டையும் கழுதையையும் எங்கே வைப்பது என்று பேரன் கேட்டான். சொல்லப்போனால் நற்செய்தியில் அவை இரண்டுமே இல்லை. லூக்கா முன்னணையைச் சொல்கிறார், மிருகங்களைச் சொல்லவில்லை. அவை வந்தது எசாயா முதல் அதிகாரத்திலிருந்து. மாடு தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் எஜமானின் தீவனத் தொட்டியை அறியும், என் மக்களுக்குத்தான் தெரியவில்லை என்று ஆண்டவர் ஆதங்கப்படும் இடம். நான்காம் நூற்றாண்டுக் கல் சவப்பெட்டிச் சிற்பங்களில் மரியாவோ சூசையப்பரோ இல்லாமல் குழந்தை, மாடு, கழுதை மட்டும் இருக்கும் காட்சிகள் உண்டு. அவ்வளவு முந்தியே அவை உள்ளே வந்துவிட்டன. இதைக் கேட்ட அம்மா, கழுதையை எடுத்துப் பாலனின் இடத்துக்கு இன்னும் நெருக்கமாக வைத்தார்.

கீழைத் திருச்சபை ஓவியங்களில் முன்னணை கல் சவப்பெட்டி போலவே இருக்கும், குழந்தையைச் சுற்றிய துணி பிணத்தைச் சுற்றும் துணி போல. ஞானிகள் கொண்டுவந்த மூன்றில் பொன் அரசனுக்கு, தூபம் கடவுளுக்கு, வெள்ளைப்போளம் அடக்கத்துக்கு. பிறந்த வீட்டிலேயே சாவுச் சாமானும் வந்து இறங்கிவிடுகிறது. இந்தக் கதைக்கு வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம். குளிரில் நின்றாலும் வேர்வையில் நின்றாலும் பிள்ளை மாட்டுத் தொட்டியில்தான் கிடக்கிறது. இந்த மூன்று நாளில் பார்த்த மெழுகுவர்த்தியும் பாயின்செட்டியாவும் இங்கே தடுமாறுகின்றன. இது தடுமாறவில்லை.

இருட்டியதும் ஆசிரியர் தன் பூசையை முடித்து, சாம்பிராணிக் கரண்டியைச் சுவாமி படங்களுக்குக் காட்டிவிட்டு, அப்படியே நடந்துவந்து குடிலுக்கும் காட்டினார். வழக்கமாகச் செய்வதுதானாம். ஞானிகள் கொண்டுவரும் தூபத்துக்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 24, புதன்

காலையில் மரத்தை அலங்கரித்தான் பேரன், பாதி உருண்டைகள் உடைந்திருந்தன. இன்றைய தேதிக்கும் மரத்துக்கும் தொடர்பு உண்டு. டிசம்பர் 24 பழைய நாட்காட்டியில் ஆதாம் ஏவாள் நாள். இடைக்கால ஜெர்மானிய ஊர்களில் அன்றைக்கு ஏதேன் தோட்ட நாடகம் போடுவார்கள். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் மேடைக்கு ஒரு பச்சை மரம் வேண்டும், கிடைத்தது ஊசியிலை மரம்தான். அதில் ஆப்பிள்கள் தொங்கும், விலக்கப்பட்ட கனி. பின்னால் அப்பமும் சேர்ந்தது, நற்கருணையின் அடையாளம். வினையும் மருந்தும் ஒரே கிளையில். 1605-இல் ஸ்ட்ராஸ்பூர்க் வீடுகளில் காகித ரோஜா, ஆப்பிள், அப்பம் தொங்கவிட்ட மரங்கள் இருந்ததாகக் குறிப்பு இருக்கிறது. இப்போதைய சிவப்புக் கண்ணாடி உருண்டை அந்த ஆப்பிள்தான்.

பச்சை மாறாத மரம் நித்திய வாழ்வு என்பார்கள். எல்லா மரமும் பச்சையாக நிற்கிற தீவில் அந்தப் பேச்சு எடுபடாது. ஆனால் ஆப்பிள் எடுபடுகிறது. அம்மா சிறுமியாக இருந்தபோது கடற்கரையிலிருந்து சவுக்குக் கிளை வெட்டிவந்து வாளி மண்ணில் நடுவார்களாம், எங்கள் ஊரிலும் சவுக்குதான். சவுக்கில் தொங்கினாலும் கனி கனிதான்.

இரவுப் பூசை இங்கே நள்ளிரவு வரை போவதில்லை, மாலையிலேயே தொடங்கிவிட்டது. ஆறே முக்காலுக்கும் வெளிச்சம் போகவில்லை. பிரெஞ்சும் கிரியோலும் கலந்த பாட்டு, கூட்டம் வாசலைத் தாண்டித் தெருவில். பாலன் சுரூபத்தை ஒரு சிறுமி ஏந்திப்போய்க் காலியாக இருந்த முன்னணையில் வைத்தாள்.

வீட்டில் பூஷ் த நொவெல், விறகுக் கட்டை வடிவ கேக். பிரான்ஸில் கிறிஸ்துமஸ் இரவுக்குப் பெரிய கட்டையை அடுப்பில் இட்டு, திராட்சை இரசமோ உப்போ தெளித்து எரிப்பார்கள், கரித்துண்டை இடி விழாமலிருக்க எடுத்துவைப்பார்கள். வீடுகளில் பெரிய அடுப்பு ஒழிந்தபின் 19-ஆம் நூற்றாண்டில் கட்டை கேக்கானது. சிலுவை மரம், உலகுக்கு வெப்பம் என்றெல்லாம் விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வலிந்து சொல்வதாகவே படுகிறது. அம்மா வாங்கியிருந்தது ஐஸ்கிரீமில் செய்தது, வெட்டுவதற்குள் உருகி ஓடியது. கணப்பு அடுப்பின் வாரிசு குளிர்பதனப் பெட்டியில் வாழ்கிறது.

தூங்கப் போகுமுன் பேரன் பரிசுக்காகத் தன் செருப்பைக் குடிலருகே வைத்தான். பிரெஞ்சு வழக்கம், காலுறைக்குப் பதில் காலணி. வரதட்சணைக்கு வழியில்லாத மூன்று பெண்களின் வீட்டுக்குள் இரவில் பொன் முடிச்சுகளை எறிந்த மீரா நகர ஆயர் நிக்கொலாஸின் கதை அவனுக்குத் தெரியாது. நான் சொன்னேன். ஆசிரியர் கேட்டுவிட்டு, "வரதட்சணைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 25, வியாழன்

மதியம் பிரியாணி, அச்சார், லிச்சி. நான் கொண்டுபோன தூத்துக்குடி மக்ரூன் பத்து நிமிடத்தில் தீர்ந்தது. அப்புறம் குடும்பம் முழுவதும் பிளிக் ஆன் பிளாக் கடற்கரைக்கு. சவுக்கு நிழலில் பாய் விரித்துப் பாதித் தீவு அங்கேதான் இருந்தது. சிவப்புக் குல்லாய் போட்ட ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்தார்.

குடிலில் மூன்று ராஜாக்கள் இன்னும் வரவில்லை. இந்த வீட்டில் அவர்கள் குளிர்பதனப் பெட்டியின் மேலிருந்து புறப்பட்டு, தினமும் கொஞ்சம் நகர்ந்து, ஜனவரி 6, திருக்காட்சித் திருநாளுக்குத்தான் குடிலை அடைவார்கள். மத்தேயு மூவர் என்றோ அரசர் என்றோ சொல்லவில்லை. காணிக்கை மூன்று என்பதால் மூவரானார்கள், அரசர்கள் காணிக்கை கொண்டுவருவார்கள் என்ற 72-ஆம் திருப்பாடலால் முடி சூட்டிக்கொண்டார்கள். பிற்கால ஓவியர்கள் மூன்று வயதும் மூன்று கண்டமும் கொடுத்தார்கள். காஸ்பர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றொரு மரபும் உண்டு. தலைப்பாகைக்காரரைக் காட்டி அம்மா, "இவர் நம்ம ஆள்" என்றார். கறுப்பு ராஜா தன்னுடையவர் என்று பேரன் முன்பே சொல்லிவைத்திருக்கிறான்.

இன்று மாலை பார்த்தால் ராஜாக்களுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டைனோசர் நின்றது. ஒட்டகம் போதாது, தூரம் அதிகம் என்பது அவன் வாதம். அம்மா எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். துடைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்தார். ஆறாம் தேதிக்கு முன்பே நான் ஊர் திரும்பிவிடுவேன், போட்டோ அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை மழை இல்லையென்றால் லெ மோர்ன் மலை.